தனக்கா பட்ட நூறு டாலர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகத்தான் பிறந்தது. "கையிருப்பு நாணயம் என்பது யாதெனில்" என்று ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதினேன்; எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டேன். யாங்கூனில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவனுக்கு, பணம் மாற்றும் கடையில் பார்த்த ஒரு பெண் போதும்.

2

அவள் பெயர் நுவே என்று வைத்துக்கொள்வோம். புருஷன் ப்யோன் சோ கப்பல் வேலைக்குப் போகவேண்டும். [எந்தக் கப்பல்? தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது.] ஏஜென்ட் கேட்டது இருநூறு டாலர், அன்று நாலு மணிக்குள், மடிப்போ கறையோ இல்லாத தாளாக. இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

நாட்டுக் கஜானாக்கள் டாலரைப் பூட்டி வைப்பது எதற்கு? சொந்தக் காசு சரிந்தாலும் எண்ணெயும் மருந்தும் வாங்கலாமே என்றுதான். நுவேயும் அதையேதான் செய்தாள். தடிப் புத்தகம் ஒன்றுக்குள் இரண்டு நூறு டாலர் தாள், மூன்று வருஷம். அன்று காலை கன்னத்துக்குத் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய கையோடு எடுத்துவிட்டாள். ஒரு தாளின் ஓரத்தில் மஞ்சளாக விரல் தடம். அதைக் கொடுத்துவிட்டு நல்ல தாள் வாங்கத்தான் கடைக்கு வந்தாள்.

(அச்சடித்த ஊரில் பாதி எரிந்த தாளைக்கூட மாற்றித் தருவார்களாம். அது அந்த ஊர்.)

3

"இது ஓடாது தங்கச்சி. எழுபதுன்னு எடுத்துக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

"ஏன், கள்ள நோட்டா?"

"நல்ல நோட்டுதான். கழுவிட்டுத் தொட்டிருக்கலாம்ல?"

"மூஞ்சியக் கழுவினேன். கையத்தான் மறந்துட்டேன்."

முடிவு ஒன்று: கடைக்காரர் மனம் இளகி, கல்லாவைத் திறந்து...

இளகமாட்டார். அவரிடம் வாங்குகிறவனும் கறையைத்தான் பார்ப்பான்.

முடிவு இரண்டு: கறையே படவில்லை என்று நான் மாற்றி எழுதிவிடலாம். ஒரே வரி. ஆனால் என் வரியை அந்த ஏஜென்ட் வாங்கிக்கொள்வானா? அலுப்பாக இருக்கிறது.

4

ஒன்றை மறைத்துவிட்டேன். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவன் நான். வீட்டு வாடகைக்கு மாற்ற வந்திருந்தேன். கையில் ஒரு நூறு டாலர், மொடமொடவென்று சலவைத் தாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, அதக் குடுத்துட்டு இத வாங்கிக்கிறீங்களா? ரெண்டும் நூறுதானே."

வாங்கினால் எனக்கு முப்பது நஷ்டம். மணி மூன்றரை.

என் பதிலை ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். நாலில் கொடுத்துவிட்டேன், நாலும் அழகாக வந்தன. ஐந்தாவதை அடித்துவிட்டேன். கேட்காதீர்கள்.

இனி நீங்கள் நில்லுங்கள் வரிசையில். அவள் தாளை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.