வலது கண்ணுக்குத் தனியாக

சொல்லாமலே இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக நினைத்துக்கொண்டாள் அம்மா. குதிரையேற்றப் பயிற்சிக்கு வந்த மகள் அன்றும் ஏறவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பழுப்புக் குதிரையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏறாத குதிரையிலிருந்து இறங்கியவள் போலத் திரும்பி வந்தாள். அன்றைக்குக் குதிரை மிரண்டு விழுந்தபோது அவள் தோளில் பட்ட சிராய்ப்பு ஆறிவிட்டது. கடிவாளத்தைத் தப்பாக இழுத்துவிட்டோம் என்ற எண்ணம்தான் ஆறவில்லை.

குதிரை மிரண்டது மகளின் கையால் அல்ல. தூறல் விட்டதும் வேலிக்கு வெளியே எழுந்து நின்று, பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் படபடவென்று உதறியது அம்மாதான். எல்லாரும் மணலில் கிடந்த குழந்தையைப் பார்த்தார்கள். கோட்டை யாரும் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதிப்பவளுக்கு, வீட்டில் மகளின் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும் வழியில், காரில், வாய்விட்டாள். "அன்னிக்கு நீ ஒண்ணும் தப்புப் பண்ணலடி. நான்தான் கோட்டை உதறினேன்."

மகள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தாள்.

"நீ எந்தப் பக்கம் நின்னே?"

"உனக்கு வலது பக்கம். கொஞ்சம் பின்னாடி."

"பின்னாடி இருக்கறதுகூட அதுக்குத் தெரியுமா?"

குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் தெரியும் என்றாள் அம்மா. வீடு வரை மகள் அதையே அசைபோட்டபடி வந்தாள். கோபத்தை எங்கே வைத்திருக்கிறாள் என்று அம்மா தேடிக்கொண்டே ஓட்டினாள்.

அடுத்த ஞாயிறு மழைக்கோட்டு மகளின் பையில் வந்தது. நடந்ததைக் கேட்டதும் பயிற்சியாளர் சிரித்துவிட்டார். "மூணு வாரமா கடிவாளத்தைக் கழட்டிக் கழட்டிப் பாத்துட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

கோட்டைத் தரையில் போட்டார்கள். குதிரை தானாக வந்து முகரும்வரை யாரும் அசையக்கூடாது. பிறகு மெல்லக் கசக்கிக் காட்ட வேண்டும். தலையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும். இடப்பக்கம் காட்டியபோது சும்மா நின்ற குதிரை, வலப்பக்கம் காட்டியதும் அதே கோட்டுக்கு விலகியது. மகள் வேலிக்கு ஓடிவந்தாள். "அம்மா, இதுக்கு ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியாச் சொல்லணுமாம்." அவள் முகத்தில் பயம் இருந்த இடத்தில் கேள்விகள் வந்து உட்கார்ந்திருந்தன.

அதற்கும் அடுத்த வாரம், கோட்டால் குதிரையின் கழுத்தை இரண்டு பக்கமும் தடவி முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே மகள் ஏறிவிட்டாள். இரண்டு சுற்று நடத்தினாள். விழுந்த இடத்தில் நிறுத்தினாள். பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்தபடி கோட்டை வேலிக்கு மேல் நீட்டினார்.

"அம்மா, அதே இடத்துல நில்லு. இப்ப உதறு."

"உதறுங்கம்மா. நான் பிடிச்சிருக்கேன்," என்றார் அவரும்.

அம்மா கையில் வாங்கிய கோட்டுக்குக் கனமே இல்லை. மகள் சேணத்தில் நிமிர்ந்து, என்ன நடக்கும் என்று பார்க்கிற ஆவலோடு காத்திருந்தாள். அம்மா அதைச் சத்தமில்லாமல் நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பெஞ்சில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மாட்டேன்டி," என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

குதிரையின் ஒரு காது மட்டும் அவள் பக்கம் திரும்பி, அப்படியே நின்றது.