மச்சானிடம் வேலை

என் கணவர் வேலை பார்த்தது என் அண்ணனிடம். மச்சானிடம் வேலை பார்ப்பவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த நாட்டில் அவருடைய பர்மிட்டிலேயே அண்ணன் லாண்டரியின் பெயர் அச்சாகியிருந்தது. அந்த வேலை இருக்கும் வரைதான் அவர் இங்கே இருக்கலாம். அவர் இருக்கும் வரைதான் நானும் மகளும் இருக்கலாம். எங்கள் இருவரின் பர்மிட் அட்டைகளும் அவருடைய அட்டையின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றன.

லாண்டரிக்கு ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் பெட்ஷீட் வரும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் விட்டு எடுத்து, மடித்து அனுப்ப வேண்டும். அவர் படித்தது மெஷின் ரிப்பேர். செய்தது ஷீட் மடிப்பு. நானும் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கூடமாட மடித்துக் கொடுப்பேன். என்னுடையது கணக்கில் வராத கை.

ஒரு ஆஸ்பத்திரியில் மெஷின் பார்க்க ஆள் கேட்டார்கள். இவர் போனார். அவர்களுக்குப் பிடித்துப்போய், இவருக்காகப் புதுப் பர்மிட் கேட்டு எழுதியும் போட்டார்கள். அங்கிருந்த ஆபீஸ் பெண்மணி ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள்: அனுமதி வரும் வரை பழைய வேலையை விடக்கூடாது. நடுவில் விட்டால் இரண்டும் போய்விடும், ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அனுமதி வந்த பிறகு அண்ணனிடம் பக்குவமாகச் சொல்வது என் பொறுப்பு, அதுவரை மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணனுக்கு உற்சாகம் வந்தால் வாய் நீளும்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு," என்றான் அண்ணியிடம். "நாளைக்கு ஷீட் மடிக்கணும்ல? மடிக்கிறதுன்னு பேர்தான், எல்லாம் கோணல். பாப்பா மொகத்துக்காக வெச்சிருக்கேன். வேற எவன் வேலை குடுப்பான்?"

நாற்பது வயதானாலும் அவனுக்கு நான் பாப்பாதான்.

கணவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். பேசாதீர்கள் என்று மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். "அம்மா!" என்றாள் அண்ணி.

"ஆஸ்பத்திரில குடுக்கறாங்க மச்சான்," என்றார் அவர். "பேப்பரும் போட்டாச்சு. நாளையிலேருந்து உங்க ஷீட்டுக்கு நேரா மடிக்கிற ஆளாப் பாத்துக்குங்க."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"சரி," என்றான். அண்ணன் கத்தினால் எனக்குப் பயமில்லை. கத்தாமல் இருந்தால்தான் பயம். இவர் வேலையை விட்டுவிட்டார் என்று பர்மிட் ஆபீசுக்கு அவன் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கொஞ்சம் பொறுக்க முடியலையா உங்களால?"

"நான் என்ன சொரணை கெட்டவனா?"

"சொரணையெல்லாம் அனுமதி வந்தப்புறம் வெச்சுக்கலாம். காலைல வேலைக்குப் போங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"வேற மூஞ்சி வாங்கியா வெச்சிருக்கோம்? இருக்கறதோடதான் போகணும்."

போனார். நானும் கூடவே போனேன். வாசலில் நின்ற அண்ணன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போனதும் என்னிடம் திரும்பினான்.

"பாப்பா, வந்தவங்கள ரெண்டாவது மெஷின்ல துணியப் போடச் சொல்லு."

"போட்டாச்சுன்னு சொல்லு," என்றார் இவர்.

இருவரும் ஒரே மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றேன்.

அப்படியே நாட்கள் போயின. பெரிய ஷீட்டை ஒருவர் மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று இழுத்துப் பிடித்து, நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். நான் இல்லாத நேரத்தில் அவர்கள் இருவரும்தான் சேர்ந்து மடிக்க வேண்டும். "ஒண்ணு விட்டத்தப் பாக்குது, ஒண்ணு தரையப் பாக்குது," என்று அண்ணி எனக்குச் செய்தி சொல்வாள்.

ஒரு வியாழக்கிழமை அவர்கள் அப்படி ஒரு ஷீட்டைப் பிடித்திருந்தபோது அண்ணனின் போன் அடித்தது. அவன் கை காலியில்லாததால் நான்தான் ஸ்பீக்கரை அழுத்தினேன். பர்மிட் ஆபீஸ். இன்னார் இன்னும் உங்களிடம் வேலை செய்கிறாரா, நடுவில் நின்றாரா என்று கேட்டார்கள்.

அண்ணன் போனைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவன் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. கணவர் ஷீட்டை விடவில்லை. அது இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது.

"நிக்கல," என்றான் அண்ணன், அவர்கள் மொழியில். "இங்கதான் இருக்கார். எனக்கு எதிர்லதான் நிக்கறார்."

அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள்.

"இல்ல."

நான் போனை வைத்தேன். அண்ணன் என்னைத்தான் பார்த்தான். "இவர் போயிடுவார். நீயும் வராம நின்னுடுவியா பாப்பா?"

அத்தனை நாள் மனதில் ஓடியது அப்போது வாய்க்கு வந்துவிட்டது. "நிக்க மாட்டேண்ணே. இவர் விட்டுட்டுப் போற எடத்துல என்னைப் போடு. என் பேர்லயே தனி பர்மிட்டுக்குப் பேப்பர் போடு."

"உனக்கெதுக்குடி பேப்பர்? நீ என் தங்கச்சி."

"நீங்க ரெண்டு பேரும் இனிமேயும் ஒண்ணா உக்காந்து சோறு சாப்பிடுவீங்க. யாராவது பாதில எந்திரிச்சா நானும் எம்பொண்ணும் மூட்டை கட்டணுமா?"

உருளைப் பக்கமிருந்து அண்ணி குரல் வந்தது. "நல்லாக் கேளு. நானும் கேக்கலாமான்னு பாக்கறேன்."

அண்ணன் ஷீட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தான். தங்கை கேட்டதற்கா, வேலைக்கு வந்தவள் கேட்டதற்கா, எதற்குப் பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

"காலைல ஏழு மணிக்கு வரணும்," என்றான் கடைசியில். "பொண்ண ஸ்கூல்ல விட்டுட்டு வரேன், காய்ச்சல்னு கூப்பிட்டாங்க, அந்தக் கதையெல்லாம் வேண்டாம்."

"அத இவர் பாத்துப்பார்," என்றேன்.

இருவரும் நடந்து வந்து மூலைகளைச் சேர்த்தார்கள். "பாத்துக்கறேன்," என்றார் என் கணவர். மச்சானிடம் அல்ல, என்னிடம்.