நட்சத்திரப் புத்தகம் பிடிக்க ஓர் ஆள்

லிப்ட்காரருக்கு நட்சத்திர வரைபடப் புத்தகம் ஒன்று வேண்டும். பழையது பனியில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, தலையணை மாதிரி உப்பிவிட்டது. ஆயுள் முழுக்க லிப்ட் பழுது பார்த்து, ஒரு ஸ்குரூவைக்கூட மறந்து விட்டுவிட்டு வராத மனுஷன்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிடலாம், ஆனால் விஷயம் அதுவல்ல. மொட்டைமாடியிலிருந்து தொலைநோக்கியை இறக்குவது அவர் வேலை. புத்தகத்தை இறக்குவது மனைவி வேலை. அவள் இறந்தபிறகு முதல் தடவையாக மாடியேறியவர், வழக்கம்போல் தன் வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வந்து படுத்துவிட்டார்.

புத்தகக் கடைக்காரர் வாய் ஓயாதவர்.

"வாங்கண்ணே! ஆளையே காணோம்? அண்ணி வரலையா?"

"வரலை," என்றார். பொய் இல்லைதான். ஆனாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்று, விரித்தால் மேசை போதாது. மங்கலான நட்சத்திரம்கூட அதில் தப்பாது. மற்றது ஸ்பைரல் போட்டது, பனிக்கு அசையாத வழுவழுத் தாள், மடித்தால் ஒரு கைக்குள் அடங்கும். நட்சத்திரங்கள் பாதிதான்.

"சின்னது தனியாப் பாக்குறவங்களுக்குண்ணே. உங்களுக்கென்ன, அண்ணி பிடிச்சுக்குவாங்க, நீங்க பாட்டுக்குப் பாப்பீங்க. பெருசைக் கொண்டுபோங்க."

லிப்ட்காரர் பையிலிருந்து சிவப்பு டார்ச்சை எடுத்தார். இருட்டில் கண் கூசாமல் படிக்க அந்த வெளிச்சம்தான் சரி.

"ஒரு நிமிஷம் லைட்டை அணைங்க."

சிவப்பு ஒளியில் பெரிய புத்தகம் அழகாகத்தான் இருந்தது. புத்தகத்துக்கு இரண்டு கை, டார்ச்சுக்கு ஒன்று, தொலைநோக்கியைத் திருப்ப ஒன்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்புறம் பழக்கதோஷம், தலையைக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இப்போது அவள் வாசிப்பாள். 'இடது பக்கம் போங்க. ரெண்டு நட்சத்திரம் ஜோடியா இருக்கும். பாத்தாச்சா, இல்ல சும்மா தலையாட்டுறீங்களா?' இத்தனை வருஷமும் அந்தக் குரல்தான் அவருக்கு வானத்தில் வழி சொன்னது.

காத்திருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னண்ணே, தேடுனது கிடைச்சுதா?"

"பெருசையே போடுங்க," என்றார்.

கடைக்காரர் விளக்கைப் போட்டு, புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். வாசல்வரை தூக்கிக்கொண்டு போன லிப்ட்காரரால் கதவைத் திறக்க முடியவில்லை. இரண்டு கையிலும் புத்தகம். கதவைத் திறந்து பிடிப்பவளும் அவள்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, திரும்பி வந்து மேசையில் வைத்தார்.

"சின்னதைக் குடுங்க."

"ஏண்ணே, அண்ணி திட்டுவாங்களா?"

"அவ இல்லப்பா. போன மழைக்காலத்துல போய்ட்டா." இதுவரை யாரிடமும் அவர் இதைத் தன் வாயால் சொன்னதில்லை. "இனிமே நான் ஒருத்தன்தான் பாக்கணும்."

கடைக்காரர் கட்டை அவிழ்த்து, சின்னதை எடுத்துக் கொடுத்தார். லிப்ட்காரர் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைத் தானே திறந்து வெளியே போனார்.