தும்பாங்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் கிடையாது. மலை ஏறுகிற வண்டி எதுவானாலும் கையைக் காட்டி ஏறிக்கொள்வோம். அதற்குத்தான் இங்கே தும்பாங் என்று பெயர். ஆபீஸ் கிராணியின் காரோ, உரம் ஏற்றுகிற லோரியோ, யார் ஓட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் போனவன் பெயர் சாயங்காலத்துக்குள் லைன் வீடுகள் முழுக்க நாறிப்போகும். கூப்பிட்டும் ஏறாத பிள்ளையையும் விடமாட்டோம், என்ன திமிர் பார் என்போம். டவுன்காரர்கள் வந்து, இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தும் எப்படி விட்டீர்கள் என்று கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

செரீனா எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பத்து வயசு. அப்பா மார்கஸ், ரிங்லெட்டிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். அம்மா பார்பரா என்னோடு மலையில் கொழுந்து வெட்டுகிறவள். எனக்குப் பிள்ளை இல்லை. செரீனா என்னைப் பெரியம்மா என்பாள், பாதி நாள் சாப்பாடு என் வீட்டில்தான். நீலாவதி அக்கா செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று பார்பரா என் காதுபடவே சொல்லுவாள்.

பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் இப்போது போனில்தானே வருகிறது. லைன் வீடுகளில் சிக்னல் கிடையாது. கீழே ரோட்டில் தண்ணித் தொட்டி வளைவில் மட்டும்தான் கிடைக்கும். பள்ளி விட்டதும் பிள்ளைகள் எல்லாம் அங்கே போய் உட்காரும். மழை பிடித்தால் மற்றதுகள் ஓடிவிடும், செரீனா மட்டும் குடைக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பாள். அப்படி விழுந்து விழுந்து படிக்கிறாளே என்று எங்களுக்குப் பெருமை.

பார்பரா ஒன்றும் ஏமாந்தவள் இல்லை. வாரா வாரம் போனை வாங்கிப் பார்ப்பாள். தெரியாத ஆம்பளையோடு பேசினால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைகள் ஆடிப் பாடி வீடியோ போடுகிற ஒரு ஆப்பில் செரீனாவுக்குத் துளசி என்று ஒரு அக்கா கிடைத்திருந்தாள். ஈப்போவாம், பதினாலு வயசாம், ரெட்டைச் சடை போட்ட படம். பார்பரா அதை என்னிடமும் காட்டினாள். சாப்ட்டியா லா, எங்க டீச்சரும் அப்படித்தான் லா என்று அச்சு அசல் நம்ம பேச்சு. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிதான் இருக்கிறது, பேசிக்கொள்ளட்டும் என்று நானும்தான் சொன்னேன்.

அன்றைக்கு மதியத்துக்கு மேல் தூறல். மலையில் பனி இறங்கியிருந்தது. நாங்கள் வளைவுக்கு மேல்சரிவில் வெட்டிக்கொண்டிருந்தோம். பார்பரா, நான், இன்னும் இரண்டு தமிழ்ப் பெண்கள், மற்றதெல்லாம் நேபாளத்துப் பையன்கள். கீழே ஒரு வெள்ளை மைவி கார் வந்து நின்றது. செரீனா எழுந்தாள். குடையை மடக்கினாள். ஏறுவதற்கு முன்னால் திரும்பி, நிமிர்ந்து, மேலே எங்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றாள். பார்பரா கொழுந்து வெட்டுகிற கத்தரியைத் தூக்கி ஆட்டினாள். நானும் கையை ஆட்டினேன். நனையாமல் போகிறாளே, ஏற்றிப் போகிறவன் யார் பெற்ற பிள்ளையோ நல்லா இருக்கட்டும் என்று பார்பரா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

கார் லைனுக்கு ஏறாமல் கீழே இறங்கியது. கடைக்குப் போய்விட்டு வருவார்கள் என்று நினைத்தோம். குனிந்து வேலையைப் பார்த்தோம்.

பிள்ளையை மீட்டவர் காளியண்ணன். ரிங்லெட்டில் சொந்தமாய்க் கோஸ் பயிர் செய்கிறவர், மார்கஸுக்குப் பழக்கம். பெரிய ரோட்டில் மண் சரிந்து ஒரு பக்கமாக வண்டி விட்டுக்கொண்டிருந்தார்களாம். தன் லோரிக்கு எதிர்ப்பக்கம் நின்ற காரில் செரீனாவைப் பார்த்து ஹோன் அடித்திருக்கிறார். தும்பாங்கில் போகிற எங்கள் பிள்ளைகள் தெரிந்த லோரியைப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை விட்டுக் கத்தும். இவள் கையைக்கூடத் தூக்கவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். கார் ஓட்டி வந்த ஆளின் கை அவள் பிடரியில் இருந்தது. மனுஷன் யோசிக்கவில்லை, லோரியைத் திருப்பிக் குறுக்கே போட்டுவிட்டு இறங்கிவிட்டார். கதவைத் திறந்து, இறங்கு பாப்பா என்றிருக்கிறார். அவள் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்த்தாள்.

"எறங்கலாமா அங்கிள்?" என்று அவனிடம் கேட்டாளாம்.

இதைச் சொல்லும்போது காளியண்ணன் என் முன்னால் அழுதார். ஐம்பத்தைந்து வயசு ஆள்.

போலீஸ் ஸ்டேஷனில் அவன் போனை வாங்கிக் குடைந்தார்கள். அவன்தான் துளசி. படித்ததை உடனே அழிக்கவும் அவனே சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதனால் வாரா வாரம் பார்த்த பார்பராவுக்கு, சாப்ட்டியா என்பது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. முதலில் யூனிஃபார்மோடு ஒரு படம் கேட்டிருக்கிறான், பின்னால் தேயிலை தெரிய ஒன்று. அதற்கப்புறம் கேட்டதை நான் என் வாயால் சொல்லமாட்டேன். நாசமாய்ப் போகிறவன். அதெல்லாம் கைக்கு வந்ததும், வண்டியில் ஏறாவிட்டால் உன் அப்பாவுக்கு அனுப்புவேன், சர்ச் குரூப்பில் போடுவேன் என்று பயமுறுத்தியிருக்கிறான்.

ஏறும்போது எங்களை ஏனம்மா பார்த்தாய் என்று பெண் போலீஸ் கேட்டாள். செரீனா மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா வேணாம்னு கூப்புடுவாங்கன்னு பார்த்தேன். அம்மா டாட்டா காட்டினாங்க."

பார்பரா நாற்காலியிலிருந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்தாள். "ஆம்பள கூட பேசாதன்னு சொன்னேங்க்கா. பொம்பளப் புள்ள கூட பேசாதன்னு எப்படிக்கா சொல்றது?" என்றாள். பிறகு திரும்பி, அந்தப் படங்களை எல்லாம் அழித்துவிடலாம் தானே என்று பெண் போலீஸிடம் கேட்டாள். அவன் போனில் இருப்பதை அழிக்கலாம், அவன் யார் யாருக்கு அனுப்பினான் என்று யாருக்குத் தெரியும் என்றாள் அந்தப் பெண். நல்ல பெண், பொய் சொல்லவில்லை.

லைனில் இப்போது எல்லாரும் நல்லவேளை என்கிறார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லையே! குழாயடியில் ஒருத்தி சொன்னாள், பொம்பளப் பிள்ளைக்குப் போன் கொடுத்தால் இப்படித்தான் என்று. வாளித் தண்ணீரை அவள் காலில் ஊற்றிவிட்டு வந்தேன். அவள் மகனும் அதே வளைவில்தான் உட்கார்ந்திருக்கிறான், அவன் யாரோடு பேசுகிறான் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

போன வாரம் ரிங்லெட் போய்விட்டு மார்கஸின் லோரியில் தும்பாங் வந்தேன். தோட்டத்து கேட்டைத் தாண்டியதும் செரீனா முன்னால் நடந்து போவது தெரிந்தது. பள்ளி வேன் கேட்டோடு நின்றுவிடும். நல்ல மழை, குடை இல்லை. மார்கஸ் லோரியை அவள் பக்கத்தில் நிறுத்தினான். நான் கதவைத் திறந்தேன்.

"ஏறும்மா," என்றான்.

அவள் அப்பனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, சாக்கடை ஓரமாய் ஒதுங்கி நின்றாள். "செரீனா, அப்பாதான்டா," என்றான் மார்கஸ். அவள் நடக்கத் தொடங்கினாள். அவன் இறங்கப் போனான். வேண்டாம், நடக்கட்டும் விடு என்று நான் அவன் கையைப் பிடித்தேன். முதல் கியரில் போட்டு, பிள்ளை நனையுதே நனையுதே என்று புலம்பிக்கொண்டே பின்னால் ஊர்ந்தான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். லோரி நெருங்க நெருங்க நடை வேகமானது. தண்ணித் தொட்டி வளைவு வந்ததும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

மார்கஸ் இஞ்சினை அணைத்தான். அவள் வளைவைத் தாண்டி லைனுக்குள் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.