மஞ்சள் பிளேட்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். அச்சகத்தில் பிளேட் போடுவது என் வேலை. என் அறையில் மாயமும் கிடையாது, மந்திரமும் கிடையாது. கணினியில் இருக்கும் பக்கத்தை லேசர் ஒரு அலுமினியத் தகட்டின்மேல் புள்ளி புள்ளியாக எழுதும், கழுவும் தொட்டி அதைக் கழுவி வெளியே தள்ளும், நான் எடுத்து ஜன்னல் வழியாக மெஷினுக்குக் கொடுப்பேன். ஒரு வேலைக்கு நாலு பிளேட். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மை ஏறும்வரை நாலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓரத்து எழுத்தைப் படித்துத்தான் எது எந்த நிறத்துக்கு என்று சொல்ல முடியும். திரையில் இருப்பது பிளேட்டில் வரும், இல்லாதது வராது. அந்த நம்பிக்கையில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பற்பசை டப்பாவுக்கு பிளேட் போட்டேன். கறுப்பு முதலில் வந்தது. டப்பாக்களுக்கு வெளியே, அச்சடித்த பிறகு வெட்டி எறியப்போகும் ஓரத்தில், கட்டைவிரல் அளவுக்கு என் மகள் இருந்தாள்.

அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள்.

திரையைப் பார்த்தேன். அந்த ஓரம் வெள்ளையாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், அப்போதும் வெள்ளை. இன்னொரு பிளேட்டை வைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் வந்தாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "இத்தன நாள் எங்கடி போனே?" என்று பிளேட்டைப் பார்த்துக் கேட்டேன். கேட்டுவிட்டுப் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாலு போன பிறகு மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் அவர். ஒருவழியாக வேலைக்குத் திரும்பிய புதிதில், ஓடும் உருளைகளுக்கு நடுவே கையை நீட்டப் போனவரைப் பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "தூசி இருந்துச்சு" என்றார். அன்றைக்கே வீட்டிலிருந்த அவள் போட்டோக்களை எல்லாம் எடுத்து அலமாரியில் பூட்டினேன். அவள் பேச்சை நானும் எடுப்பதில்லை, அவரும் எடுப்பதில்லை. சாப்பிடறீங்களா, போடு, கதவைச் சாத்தினியா, சாத்தியாச்சு. குடித்தனம் இந்த அளவில் நடந்துகொண்டிருந்தது.

அவர் இந்த முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? திரும்பக் கை நீட்டுவார். இந்தத் தடவை பிடித்து இழுக்கப் பக்கத்தில் ஆள் இருக்குமா?

பிளேட்டில் வேண்டாத புள்ளி விழுந்தால் அழிப்பதற்கு என்று மருந்துப் பேனா ஒன்று உண்டு. அதை எடுத்தேன். கறுப்பில் அழித்தேன். நீலத்தில் அழித்தேன். சிவப்பில் அழிக்கும்போது கை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மஞ்சளுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். வெள்ளை அட்டையில் மஞ்சளை மட்டும் அடித்தால், அதுவும் இத்தனை சின்னதாக, யார் கண்ணிலும் படாது. இருந்துவிட்டுப் போகட்டும். பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அதற்குப் பிறகு பற்பசை வேலை வரும்போதெல்லாம் வந்தாள். வேறு எதற்கும் வரமாட்டாள். உயிரோடு இருந்தபோது பல் தேய்க்கச் சொன்னால் வீட்டைச் சுற்றி ஓடியவள், இப்போது பற்பசை டப்பாவைத் தேடி வருகிறாளே என்று சிரிப்புகூட வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், நான் அந்த வேலைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். தொட்டியிலிருந்து பிளேட் நகர்ந்து வரும்போது ஓரம் எப்போது தெரியும் என்று குனிந்து நிற்பேன். "சாப்டியாடி?" என்று கேட்பேன். தலைமுடியை நேராக வாரிக்கொள்ளக் கூடாதா என்று திட்டுவேன். பேசி முடித்துவிட்டு, வளர்த்த கையாலேயே அழிப்பேன். ஒரு பிள்ளையை ஒருத்தி எத்தனை தடவைதான் அழிப்பது? வீட்டில் தட்டு கழுவும்போதும் அந்த மருந்து வாசனை விரலை விட்டுப் போகவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது கையைப் பின்னால் மறைத்துக்கொள்வேன்.

இப்படியே எத்தனை காலம் ஓட்டியிருப்பேனோ. ஒருநாள் முதலாளி வந்து, அடுத்த வாரத்திலிருந்து பிளேட் போட இன்னொரு ஆளும் வரப்போகிறார், ஷிஃப்ட் மாறி மாறி வரும் என்றார். வருகிறவர் பேனாவும் எடுக்கமாட்டார், ஒன்றும் எடுக்கமாட்டார். நாலு நிறத்திலும் முகத்தை முழுசாக என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார்.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். என்னமோ கறை விழுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் திரையில் எதையெதையோ திறந்து மூடினார்.

"கறை இல்லக்கா, படம். இந்த டப்பா அமைப்பை முதல்ல போட்டப்பவே யாரோ ஓரத்துல வச்சு, கண்ணுக்குத் தெரியாம மறைச்சிருக்காங்க. போன தடவ புது சாஃப்ட்வேர் ஏத்தினேன்ல, அது மறைச்சதையும் சேர்த்து லேசருக்கு அனுப்பிடுது. அவ்ளோதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். பள்ளி விடுமுறையில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "என்னையும் அச்சுல போடும்மா" என்று உயிரை எடுத்தாள். வாயை அடைக்க அவள் போட்டோவை அந்த டப்பா ஓரத்தில் வைத்துக் காட்டினேன். முதலாளி வரும் சத்தம் கேட்டு மறைத்தேன். அதோடு மறந்தும் போனேன். அவள் என்னைத் தேடி வருகிறாள் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வைத்த இடத்திலேயே கிடந்திருக்கிறாள்.

"யாருக்கா இந்தப் பாப்பா?"

"யாரோ."

"அழிச்சிடவா?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"அழிச்சிடு," என்றேன்.

சர்வீஸ் ஆள் போன பிறகு பற்பசை பிளேட் நாலும் போட்டேன். ஓரம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பேனாவுக்கு வேலையே இல்லை. ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். மெஷின் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

வீட்டுக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். மகள் விளையாடிய இடம் என்று இத்தனை நாளும் உள்ளே கால் வைக்காதவர். கையில் ஈரம் காயாத அட்டை, புள்ளி பார்க்கும் லென்ஸ்.

"மஞ்சள் பிளேட்ட இன்னொரு தடவ போட்டுத் தர்றியா?"

"ஏங்க, என்ன கோளாறு?"

உள்ளே வந்து அட்டையை மேஜையில் விரித்து, லென்ஸை ஓரத்தில் வைத்தார். அவள் இருக்கவேண்டிய அதே இடத்தில்.

"இன்னிக்கு வாலுவ அனுப்பலையே நீ," என்றார்.

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீதான அனுப்பிட்டிருந்த? வேற யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மஞ்சள்ல மட்டும் வச்சு. வாய்விட்டுப் பேச முடியாம இப்படிச் செய்யறன்னு நெனச்சேன். அதான் நானும் ஒண்ணும் கேக்கல." அவர் லென்ஸை அட்டையை விட்டு எடுக்கவே இல்லை. "அதுக்காகத்தான் காலையில எழுந்தே வர்றேன்."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நாலிலும் வந்ததை, மூன்றை நான் அழித்ததை, சர்வீஸ் ஆளை, "யாரோ" என்று நான் சொன்னதை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். முன்பக்கத்திலிருந்து, மெஷின் ஏன் நிற்கிறது என்று முதலாளி கேட்டது காதில் விழுந்தது. இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

"நான் மஞ்சள்ல மட்டுந்தான் பார்த்திருக்கேன்," என்றார். "மத்த மூணுல எப்படி இருந்தா?"

"கறுப்புல கண்ணும் முடியும் மட்டுந்தாங்க," என்று ஆரம்பித்தேன். "வாராத தலை. சிவப்புல உதடு..."

அவர் என் கையைப் பிடித்து, மருந்து வாசனை அடிக்கும் விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"மெதுவா சொல்லு," என்றார்.