இரண்டு பிறைக்கு நடுவில்

கடலூர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் கடற்கரைக்கு ஓடித்தான் பழக்கம். காற்று வாங்கவா, கல்யாண போட்டோ எடுக்கவா, கிளம்பு கடலுக்கு! ஆனால் பெருநாள் பிறை பார்க்கிற விஷயத்தில் மட்டும் அந்தக் கடல் கையை விரித்துவிடும். கடல் கிடப்பது கிழக்கே, பிறை தெரிவது மேற்கே. ஊருக்குள் நின்று மேற்கே திரும்பினால் மாடிவீடும் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் டவரும்தான் தெரியும். அதனால்தான் இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சாயங்கால அசர் தொழுகை முடிந்த கையோடு, ரூமானா தன் கணவன் ஜாபிரைக் கேப்பர் மலைக்குக் கிளப்பிக்கொண்டு வந்தாள்.

மலை என்று பெயர்தான். ஏற்காட்டுக்காரன் பார்த்தால் சிரிப்பான். செம்மண் மேடு ஒன்று, இறங்கினால் பள்ளம், பள்ளத்தைத் தாண்டினால் இன்னொரு மேடு, நடுவெல்லாம் முந்திரித் தோப்பு. ஆனால் பச்சைத் தண்ணீர் கூடப் படாத வயிற்றோடு ஏறிப் பார்க்க வேண்டும். அப்போது தெரியும், அதுவும் மலைதான்.

ஜாபிர் சவூதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் ஒரு பெருநாளுக்கும் ஊரில் இருந்ததில்லை. பெருநாள் லீவுக்கு அங்கே அவ்வளவு போட்டி. இவன் தன் முறையை யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவான். இந்த வருஷம் வேலை குறைவென்று கம்பெனியே பாதி நோன்பில் அனுப்பிவைத்தது. வந்த வாய்ப்பையும் மனுஷன் சொதப்பினான். திரும்பிப் போகிற டிக்கெட்டை சவூதிப் பெருநாளைக் கணக்கு வைத்துப் போட்டுவிட்டான்.

அங்கே இந்த வருஷம் பிறை ஒரு நாள் முந்தி. அங்கே இன்றைக்கே பெருநாள். இங்கே இன்று மாலை பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள். தொழுதுவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் சென்னைக்கு வண்டி ஏறலாம். தெரியாவிட்டால் நாளை மறுநாள்தான். அதற்குள் அவன் தம்மாமில் இறங்கியிருப்பான். அங்கே பெருநாள் முடிந்திருக்கும், இங்கே அவன் இருக்கமாட்டான். ரெண்டுங்கெட்டான் நிலை!

"எனக்கு இன்னியோட முப்பது நோன்பு ஆச்சு, தெரியுமா?" என்றான் ஜாபிர், மூச்சு வாங்கிக்கொண்டே. "அங்க ஒரு நாள் முன்னாடியே புடிச்சிட்டேனே. நாளைக்கும் வச்சா முப்பத்தொண்ணு. நம்ம தெருவுலயே நான்தான் ஜாஸ்தி."

"பெரிய சாதனதான். டிக்கெட் போடறப்ப என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த ஜாஸ்தியெல்லாம் வந்திருக்காது. வாய மூடிக்கிட்டு நடங்க மச்சான், நாக்கு வறண்டுடும்."

முதல் மேட்டில் முந்திரி மரங்கள் மேற்கை மறைத்தன. "அடுத்த மேடு" என்றாள். அடுத்த மேட்டில் யாரோ புதிதாகக் கட்டிய கோழிப்பண்ணைக் கொட்டகை. அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இவ்வளவு இடம் கிடக்க, கோழிக்கு இங்கேதானா இடம் வேண்டும்? மழை அரித்த செம்மண் ஓடையில் இறங்கும்போது கால் சறுக்கியது. ஜாபிர் சட்டென்று கையைப் பிடித்தான். ஓடை முடிந்த பிறகும் விடவில்லை. அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை. இதற்கெல்லாம் நாள் கணக்குப் பார்த்து வாழ வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அடுத்த மேட்டில் ஏறினாள்.

மூன்றாவது மேடுதான் உயரம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கெடிலம் ஆறும், தென்னைகளும், அதற்கப்பால் நீலக்கோடாகக் கடலும் தெரிந்தன. மேற்கே பண்ருட்டிப் பக்கம் வரைக்கும் மேடும் பள்ளமுமாகத் தோப்புகள். மறைக்க ஒன்றுமில்லை. அடிவானத்தில் மட்டும் மெல்லிய மேகம் படிந்திருந்தது.

"இந்த ஊர்லயே பொறந்து வளந்துட்டு இங்க ஒரு தடவகூட ஏறினதில்ல" என்றான் ஜாபிர்.

"இங்க இருந்தாதானே ஏற?"

சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. அவன் மேற்கைப் பார்த்து உட்கார்ந்தான்.

கீழே எங்கிருந்தோ பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, பள்ளிவாசலில் வாங்கிவந்த நோன்புக் கஞ்சியை ஆளுக்கு நாலு வாய் குடித்தார்கள். கண் மட்டும் மேற்கை விட்டு நகரவில்லை. அதற்குள் ஜமாஅத் செயலாளர் அபுல் ஹசன் போன் செய்துவிட்டார். ரூமானாவுக்குத் தாய்மாமன் அவர்.

"என்னம்மா, ஏதாச்சும் தெரியுதா? நல்லாப் பாத்து சொல்லுங்க. மேகத்தப் பாத்துட்டு பிறைன்னு சொல்லிடாதீங்க. ஊரே காத்துக்கிட்டிருக்கு."

சிவப்பு வெளுத்து, வானம் சாம்பல் நிறத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் பிறை இருந்தாலும் இறங்கிவிடும். ஜாபிர் திடீரென்று எழுந்து நின்றான்.

"ரூமா! அதோ, அந்தப் பனமரத்துக்கு மேல. தெரியுதா?"

அவள் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மேகம் இருந்தது, மேகத்தின் ஓரம் வெளிறி இருந்தது.

"எனக்குத் தெரியுற மாதிரி இருக்கு" என்றான். போன் கையில் தயாராக இருந்தது. "உனக்கும் தெரிஞ்சா சொல்லு, மாமாவுக்குப் போன் போட்டுடறேன்."

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான். மகள் அர்ஃபா ஒரு வாரமாகப் புதுச் சட்டையை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "அத்தா பெருநாளைக்கு இருப்பாங்கதானே?" என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு பெருநாள் காலையில் அந்தப் பிள்ளை தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கட்டுமே. யாருக்கு என்ன குறைந்துவிடும்? ரூமானாவுக்கு அழுகை வந்தது. அப்படி ஆசை இருந்தது அவளுக்கு.

"இல்ல மச்சான். எனக்குத் தெரியல."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். நம்ம பேச்ச நம்பி ஊரே நோன்ப விட்டுட்டா, அந்தப் பெருநாச் சோறு எனக்குத் தொண்டையில எறங்காது. சத்தியமா சொல்லுங்க, உங்களுக்குத் தெரியுதா?"

அவன் போனைத் தாழ்த்தினான். "தெரியல" என்றான். "தெரியணும்னு பாத்தேன்."

இருவரும் இருட்டுகிற வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சித் தூக்கை மூடினாள். அப்போது ஜாபிர் எழுந்து, நாலடி தள்ளிப் போய், யாருக்கோ போன் போட்டான்.

அரபியில் பேசினான். "ஈத் முபாரக்" மட்டும் அவளுக்குப் புரிந்தது. எகிப்துக்கார மேனேஜர் போலிருக்கிறது. மறுமுனையில் பெருநாள் வீட்டின் சத்தம், குழந்தைகளின் கூச்சல். ஜாபிர் தடுமாறினான். ஒரு சொல்லுக்கு நிறுத்தினான். அவன் அப்படிப் பணிந்து நின்று ஒன்றைக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. கேட்காத மனுஷன் அவன். அவளும் அப்படித்தான், பெருநாளைக்கு வாங்க என்று எட்டு வருஷத்தில் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டதில்லை, அவனுக்குச் சங்கடம் என்று.

பேசி முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டு நாள் சேத்துக்கோன்னுட்டாரு. டிக்கெட்டயும் அவரே மாத்தி அனுப்புறாராம்."

"அல்லாஹ்! நெசமாவா?" அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இவ்ளோ லேசா குடுக்கற ஆள எட்டு வருஷமா ஏன் கேக்கல?"

ஜாபிர் சிரிக்கவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரும் அதத்தான் கேட்டாரு. எல்லாப் பயலும் பெருநாளைக்கு லீவு கேட்டு சண்ட போடறானுங்க, நீ மட்டும் ஒரு தடவகூட கேட்டதில்ல. அதனால உனக்குப் பொண்டாட்டி புள்ள யாரும் இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன் ஜாபிர்னு சொன்னாரு."

 ரூமானாவுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. எங்கோ ஒரு தேசத்தில், இத்தனை வருஷமாக, அவளும் அர்ஃபாவும் இல்லாமலே இருந்திருக்கிறார்கள்.

"இருக்காங்கன்னு சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்" என்றான் ஜாபிர். "பேரும் சொன்னேன்."