சப்பர வண்டியின் மூக்கு

பூதத்தானுக்கு அன்று காலையிலிருந்து ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கலீலுல்லாவின் பட்டறை வாசலில் நின்றான், உட்கார்ந்தான், பீடியைப் பற்றவைத்தான், இரண்டு இழுப்பில் தூர எறிந்தான். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த கலீலுல்லாவுக்கு அவன் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கால்களே அவரைப் பாடாய்ப் படுத்தின.

"ஒரு பக்கமா நில்லும்வே. நீரு அங்கயும் இங்கயும் நடந்தா வேலை ஓடிருமா?"

"சாயந்தரம் அம்மன் ஏறணும்லா பாய்."

தாராவிச் சந்துகளுக்குள் லாரி நுழையாது. அதனால் ஆடி மாதக் கோயில் கொடைக்கு அம்மன் சப்பரம் பூதத்தானின் ஜீப் பிக்கப்பில்தான் ஊர்வலம் போகும். போன வருஷம் குயவர் சந்து முனையில் முன்சக்கரங்கள் சேற்றில் இறங்கி, வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. கொட்டுகிற மழையில் அம்மன் நனைந்தாள். கடைசியில் ஆட்கள் தோளில் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடுத்து வந்த ஆவணியில் அவன் மனைவி ஆறுமுகத்தாய்க்கு வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. அவ்வளவுதான், ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுப் போட நம் ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

ஆறுமுகத்தாய் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. மழையானாலும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வந்தாள். அவன் முகத்தைப் பார்ப்பதும் நின்றுபோனது. அரிசி தீர்ந்துவிட்டது என்பதைக்கூட அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னாள். இந்த வருஷம் சப்பரம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று பூதத்தான் நம்பினான். வேறு எதைத்தான் நம்புவான், பாவம்.

அதற்காகத்தான் குர்லாவில் பட்டாளத்து ஏலச் சரக்காக வந்த பெரிய டயர்களை வாங்கினான். எந்தச் சேற்றையும் கவ்விக்கொண்டு ஏறும் டயர்கள். மாட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முன் டயர் தனக்கு மேலே வளைந்திருந்த மட்காட்டில் உரசியது. கலீலுல்லா முன்பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஒரு இரும்புப் பட்டை கூடுதலாக வைத்து முடுக்கினார். முன்பக்கம் உயர்ந்தது, உரசல் நின்றது. அதோடு விட்டிருக்கலாம்.

பூதத்தான் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிப் பின்தட்டில் வைத்தான். தண்ணீர் முன்பக்கமாக ஒதுங்கியது.

"மூக்கு தணிஞ்சிருக்கு பாய். இன்னொரு பட்டை போடும்."

"காலி வண்டி அப்படித்தான்வே இருக்கும். லோடு ஏறினா பின்பக்கம் அமுங்கித் தானா மட்டத்துக்கு வரும்."

"சாமி வண்டி மூக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கப்படாது. போன வருசம் பட்டது போதும்."

வேறு வண்டியாக இருந்தால் கலீலுல்லா ஸ்பானரைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார். தொழிலில் யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் இது அம்மன் காரியம். தான் ஒன்று சொல்லப்போய் அது வேறொன்றாக ஆகிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு இன்னொரு பட்டையை ஏற்றினார். தாம்பாளத்துத் தண்ணீர் அசையாமல் நின்றது. பூதத்தான் அதைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

சாயந்தரம் கோயில் வாசலில் சப்பரத்தைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். பீடமும் மரச்சட்டமும் சேர்ந்து நல்ல கனம். பின்பக்கம் அமுங்கியது, முன்பக்கம் நிமிர்ந்தது. அம்மன் பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சப்பரத்துத் தூண்டாமணி விளக்கு பின்பக்கமாக ஒதுங்கித் தொங்கியது. மேளம் பாதியில் நின்றது.

"என்னடே இது?" என்றார் கோயில் தலைவர் நயினார். "போன வருசம் குப்புற, இந்த வருசம் மல்லாக்கவா? இறக்குங்க அம்மனை. இவன் வண்டியே வேண்டாம்."

முளைப்பாரி எடுத்து நின்ற பெண்களுக்கு நடுவே ஆறுமுகத்தாயும் இருந்தாள். பூதத்தான் அவளைப் பார்க்கத் துணிவில்லாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரைத் தொட்டான், பட்டையைத் தொட்டான். இப்போது எதைக் கழற்ற?

தள்ளி நின்றிருந்த கலீலுல்லா பக்கத்தில் வந்தார். "முன்னால பாரம் வேணும். மட்காட்டு மேல ரெண்டு பக்கமும் ஆளு உக்காந்தா மட்டத்துக்கு வந்துரும்."

"அம்மனுக்கு முதுகக் காட்டிக்கிட்டா?" என்றார் நயினார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எவனும் அசையவில்லை.

ஆறுமுகத்தாய் முளைப்பாரியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பம்பரில் கால் வைத்து, இடப்பக்க மட்காட்டில் ஏறினாள். ஏறித் திரும்பி, அம்மனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"இப்படி உக்காந்தா முதுகு காட்டுன மாதிரியா?" என்று நயினாரிடம் கேட்டாள். "ஏளா சொர்ணம், அந்தப் பக்கம் ஏறு."

சொர்ணம்மாள் ஏறினாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் ஏறினார்கள். வண்டியின் மூக்கு மெல்ல மெல்ல இறங்கியது. அம்மன் வானத்தை விட்டுத் தெருவைப் பார்த்தாள். மேளக்காரர்களை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை.

பூதத்தான் வண்டியை எடுத்தான். முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறுமுகத்தாய். அவள் கண் அவன் தலைக்கு மேலே, அம்மன் மீது இருந்தது. சந்து சந்தாக வண்டி ஊர்ந்தது. தூறல் தொடங்கி வலுத்தது. குயவர் சந்து முனையில் போன வருஷத்தைவிடச் சேறு அதிகம். முன்சக்கரங்கள் அதில் இறங்கின. பாரத்தோடு திருப்பியதில் டயர் மட்காட்டில் கரகரவென்று உரசியது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். பிரேக்கில் அவன் கால் தானாகப் போனது.

நிமிர்ந்து பார்த்தான். ஆறுமுகத்தாய் அம்மனைப் பார்க்கவில்லை. நனைந்த கண்ணாடி வழியாக நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை மாதம் இந்த முகத்துக்காக ஏங்கியிருந்தான். வண்டி, சேறு, பின்னால் நின்ற ஊர், எல்லாமே அவனுக்கு மறந்துபோனது.

அவள் கையால் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள். "நான் விழ மாட்டேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பூதத்தான் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.